மாசசூசெட்ஸில் சார்ட்டர் பள்ளிகள்: எங்கே வளர்ந்தன, யாருக்குப் பயன்பட்டன, ஏன் நின்றன

பாஸ்டனுக்கு மேற்கே ஒரு புறநகரில் அண்மையில் குடியேறிய நீங்கள் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சார்ட்டர் பள்ளிகள் எப்படி வளர்ந்தன? அவற்றின் தரம் உண்மையிலேயே உயர்ந்ததா? அப்படி உயர்ந்ததென்றால், 2016-இல் அந்த மாநில மக்கள் அவற்றை விரிவுபடுத்தும் திட்டத்தை ஏன் இவ்வளவு பெரிய வேறுபாட்டில் தோற்கடித்தார்கள்? உங்கள் மகள் அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பை முடிக்கிறாள் என்பதால், இது உங்களுக்கு வெறும் கொள்கை விவாதம் அல்ல என்பதை உணர்ந்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. சார்ட்டர் பள்ளி என்பது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி அன்று; நம் ஊரில் நாம் அறிந்த அரசு உதவிபெறும் பள்ளியும் அன்று. அது முழுக்கப் பொதுப்பணத்தில் நடக்கும் இலவசப் பொதுப்பள்ளி. நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்க அதற்கு அனுமதி இல்லை. இடங்களைவிட விண்ணப்பங்கள் கூடுதலாக வந்தால் குலுக்கல் போட்டே சேர்க்க வேண்டும். முன்பே படிக்கும் பிள்ளையின் உடன்பிறந்தவருக்கும் உள்ளூர்வாசிகளுக்கும் முன்னுரிமை உண்டு. உள்ளூர்ப் பள்ளி நிர்வாகத்துக்குக் கட்டுப்படாமல் தனக்கென ஓர் அறங்காவலர் குழுவை வைத்துக்கொண்டு, ஆசிரியர் நியமனம், பாட நேரம், செலவு ஆகியவற்றை அதுவே முடிவு செய்கிறது. அதற்கு ஈடாக, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாநிலக் கல்வி வாரியத்தின் முன் நின்று, தன் உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ளத் தகுதி உண்டு என்று மெய்ப்பிக்க வேண்டும்.

உரிமம் கொடுக்கும் அதிகாரம் ஒரே இடத்தில் இருப்பது மாசசூசெட்ஸ் ஏற்பாட்டின் முக்கியக் கூறு. வேறு சில மாநிலங்களில் பல்கலைக்கழகங்கள், உள்ளூர் வாரியங்கள், தொண்டு நிறுவனங்கள் எனப் பலரும் உரிமம் வழங்கலாம்; ஒருவர் மறுத்தால் இன்னொருவரிடம் போகலாம். இங்கே மாநில வாரியம் ஒன்றுதான். இலாப நோக்குள்ள நிறுவனம் தன் பெயரில் உரிமம் கேட்கவும் முடியாது. இணையவழிப் பள்ளிகள் சார்ட்டர் சட்டத்துக்குள் வராமல் வேறொரு சட்டத்தின்கீழ் வைக்கப்பட்டுள்ளன. பிற மாநிலங்களில் சார்ட்டர் பள்ளிகளின் சராசரியைக் கீழே இழுத்தவற்றுள் இணையவழிப் பள்ளிகள் முக்கியமானவை என்பதால், இந்த வேறுபாடு சிறியதன்று.

இந்த ஏற்பாட்டின் தொடக்கம் 1993-ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம். அமெரிக்காவின் முதல் சார்ட்டர் சட்டம் 1991-இல் மின்னசோட்டாவில் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், ஏழை ஊர்களின் பிள்ளைகளுக்குப் போதிய கல்வி தருவது மாநிலத்தின் கடமை என்று மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அதே ஜூன் மாதத்தில், ஆளுநர் வில்லியம் வெல்ட் இந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏழை ஊர்களுக்குக் கூடுதல் நிதி, மாநிலம் முழுவதற்கும் பொதுவான எம்காஸ் தேர்வு, சார்ட்டர் பள்ளிகள் ஆகிய மூன்றும் அந்த ஒரே சட்டத்தின் பிள்ளைகள். இதை மறந்துவிட்டுச் சார்ட்டர் பள்ளிகளை மட்டும் தனியே பிரித்துப் பேசுபவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள் என்பது என் கருத்து.

முதல் பள்ளிகள் 1995-இல் திறக்கப்பட்டன. 1997-இல் இன்னொரு வகை சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கல்விச் சீர்திருத்தவாதி ஹோரஸ் மேனின் பெயரைத் தாங்கிய அந்த வகைப் பள்ளிகள் உள்ளூர் நிர்வாகத்தின் ஒப்புதலோடு நடப்பவை. அவற்றின் ஆசிரியர்கள் சங்க உறுப்பினர்களாகவே தொடர்கிறார்கள். தனித்து இயங்கும் மற்ற வகையைக் காமன்வெல்த் சார்ட்டர் என்பார்கள். விவாதமெல்லாம் பெரும்பாலும் இந்தக் காமன்வெல்த் வகையைப் பற்றியதே. சட்டம் காமன்வெல்த் வகைக்கு 72, ஹோரஸ் மேன் வகைக்கு 48 என மொத்தம் 120 பள்ளிகள் வரை அனுமதிக்கிறது. ஆனால் வளர்ச்சியைத் தடுத்த பூட்டு இந்த எண்ணிக்கை அன்று. ஓர் ஊரின் பள்ளிச் செலவில் 9 விழுக்காட்டுக்கு மேல் சார்ட்டர் பள்ளிகளுக்குப் போகக்கூடாது என்ற வரம்பே உண்மையான பூட்டாக இருந்தது. பெற்றோர் நீண்ட வரிசையில் நின்ற பாஸ்டன், லாரன்ஸ், ஹோலியோக் போன்ற நகரங்களில் அந்த வரம்பு இறுக்கிப் பிடித்தது. யாரும் பெரிதாகக் கேட்காத ஊர்களில் இடம் வெறுமனே கிடந்தது.

2010 ஜனவரியில் ஆளுநர் டெவால் பேட்ரிக் கையெழுத்திட்ட சட்டம் இந்தப் பூட்டைப் பாதி திறந்தது. ஒபாமா அரசு அப்போது மாநிலங்களுக்கிடையே ஒரு கல்விச் சீர்திருத்தப் போட்டியை அறிவித்திருந்தது. சார்ட்டர் வரம்பைத் தளர்த்தும் மாநிலங்களுக்கு அதில் வாய்ப்பு கூடுதல். மாசசூசெட்ஸ் அந்த ஆண்டே 25 கோடி டாலர் வென்றது. மாநிலத்தில் மிகவும் பின்தங்கிய பத்து விழுக்காட்டு ஊர்களில் மட்டும் வரம்பு படிப்படியாக 18 விழுக்காடு வரை உயரும் என்றது சட்டம். அத்துடன் ஒரு நிபந்தனையையும் விதித்தது: இந்தக் கூடுதல் இடங்கள், ஏற்கெனவே நல்ல பள்ளி நடத்திக் காட்டியவர்களுக்கே கிடைக்கும். சட்டம் எழுதியவர்களுள் யார் மனத்தில் இந்த நிபந்தனை உதித்ததோ தெரியாது. ஆனால் அமெரிக்கக் கல்விக் கொள்கையில் இவ்வளவு பயன் தந்த ஒற்றை வாக்கியங்கள் குறைவு என்று நான் நினைக்கிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். 2016 வாக்கில் மாநிலத்தில் ஏறத்தாழ 80 சார்ட்டர் பள்ளிகள் இருந்தன. பொதுப்பள்ளி மாணவர்களுள் சுமார் 4 விழுக்காட்டினர் அவற்றில் படித்தார்கள். மாநில அளவில் சிறு துளிதான். ஆனால் அது சில நகரங்களில் குவிந்திருந்தது.

இனி தரம். ஒரு பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைப் பார்த்து அதன் தரத்தை முடிவு செய்வது தவறு என்பது உங்களுக்குத் தெரியும். சார்ட்டர் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் பெற்றோர் மற்றவர்களைவிடக் கூடுதல் அக்கறை கொண்டவர்களாக இருக்கலாம். அந்தப் பிள்ளைகள் எங்கே படித்தாலும் நன்றாகவே படித்திருப்பார்கள் என்ற ஐயம் நியாயமானது. இந்த ஐயத்தைத் தீர்க்கக் குலுக்கல் ஓர் அரிய வாய்ப்பைத் தருகிறது. விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் ஒரே விதமான அக்கறை கொண்டவர்கள். அவர்களுள் யார் உள்ளே போகிறார், யார் வெளியே நிற்கிறார் என்பதைச் சீட்டுதான் முடிவு செய்கிறது. ஆகவே சீட்டில் வென்றவர்களையும் தோற்றவர்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தால், வேறுபாடு பள்ளியால் வந்தது என்று துணிந்து சொல்லலாம். மருத்துவத்தில் புது மருந்தைச் சோதிக்கும் முறையும் இதுவே.

எம்ஐடியின் ஜோஷுவா ஆங்ரிஸ்ட், பரக் பதக், ஹார்வர்டின் தாமஸ் கேன் ஆகியோரும், சூசன் டைனார்ஸ்கி, அதிலா அப்துல்காதிரோக்ளு, பின்னர் கிறிஸ்டோபர் வால்டர்ஸ், சாரா கொஹோட்ஸ் முதலியோரும் மாநிலத்தின் மாணவர் பதிவுகளையும் பள்ளிகளின் பழைய குலுக்கல் ஏடுகளையும் இணைத்துச் செய்த ஆய்வுகள்தாம் இந்தத் துறையின் அடித்தளம். ஆங்ரிஸ்டுக்கு 2021-இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. காரணகாரியத் தொடர்புகளை இயற்கையாக அமையும் சோதனைகளிலிருந்து அறியும் முறையை வகுத்ததற்காகத்தான் அது.

பாஸ்டன் பற்றிய முடிவு வியக்க வைப்பது. 2011-இல் வெளியான முதல் பெரிய ஆய்விலேயே, குலுக்கலில் வென்று சார்ட்டர் நடுநிலைப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள், தோற்றவர்களைவிட ஒவ்வோர் ஆண்டும் கணக்கிலும் ஆங்கிலத்திலும் முன்னேறிக்கொண்டே போனார்கள் என்று தெரிந்தது. கணக்கில் முன்னேற்றம் குறிப்பாகப் பெரியது. கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இடையில் காலங்காலமாக நிலவும் மதிப்பெண் இடைவெளியில் கணிசமான பகுதியைச் சில ஆண்டுகளிலேயே அடைத்துவிடக்கூடிய அளவு அது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரீடோ மையம் வேறொரு முறையில், ஒரே மாதிரியான பின்னணி கொண்ட மாணவர்களை இணை சேர்த்து ஒப்பிட்டு 2013-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பாஸ்டன் சார்ட்டர் மாணவர்கள் ஓர் ஆண்டில், வாசிப்பில் 12 மாதங்களுக்கும் கணக்கில் 13 மாதங்களுக்கும் நிகரான கூடுதல் கற்றலைப் பெறுகிறார்கள் என்றும், அதுவரை தாங்கள் பார்த்த எந்த நகரத்திலும் மாநிலத்திலும் இவ்வளவு வளர்ச்சியைக் கண்டதில்லை என்றும் அது கூறியது. மதிப்பெண்ணை மாதங்களாக மாற்றும் கணக்கை நான் ஓரளவு ஐயத்தோடுதான் பார்க்கிறேன். ஆனாலும் இருவேறு முறைகள் ஒரே திசையைக் காட்டுவது கவனிக்கத்தக்கது.

தேர்வுக்கு மட்டும் பயிற்றுவித்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அதைச் சோதிக்கவே உயர்நிலைப் பள்ளி முடிவுகளை ஆராய்ந்தார்கள். பள்ளிகளின் பொறுப்பில் இல்லாத, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்விலும் மதிப்பெண், குறிப்பாகக் கணக்கில், உயர்ந்திருந்தது. கல்லூரித் தரப் பாடங்களில் தேர்வெழுதும் மாணவர்கள் கூடினார்கள். ஈராண்டுக் கல்லூரிகளுக்குப் போயிருக்கக்கூடிய பலர் நான்காண்டுக் கல்லூரிகளுக்குப் போனார்கள். ஆனால் நான்கே ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளியை முடிப்பவர்களின் விகிதம் கூடவில்லை. இந்தப் பள்ளிகளில் சிலருக்கு ஓராண்டு கூடுதலாகவே தேவைப்பட்டது.

பாஸ்டனின் இந்தப் பள்ளிகள் என்ன செய்கின்றன? ராக்ஸ்பரி பிரெப், மேட்ச், புரூக், அகாடமி ஆஃப் தி பசிபிக் ரிம் போன்றவை 1990-களின் பிற்பகுதியிலும் 2000-களின் தொடக்கத்திலும் எழுந்தவை. நீண்ட பள்ளி நாள், நீண்ட கல்வியாண்டு, சீருடை, கண்டிப்பான ஒழுங்கு, வகுப்பில் கை தூக்காத மாணவனையும் பெயர் சொல்லி எழுப்பிக் கேட்பது, ஆசிரியரின் வகுப்பைப் பிறர் அடிக்கடி உட்கார்ந்து பார்த்துத் திருத்துவது, சிறு குழுவாகவோ தனியாகவோ துணைப்பாடம் சொல்லிக்கொடுப்பது ஆகியவை இவற்றின் பொதுக் கூறுகள். சாக்குப்போக்குக்கு இடமில்லை என்ற பொருளில் இந்த முறைக்கு ஒரு பெயரே நிலைத்துவிட்டது. எந்தச் சார்ட்டர் பள்ளிகள் பயன் தருகின்றன என்று ஆங்ரிஸ்ட், பதக், வால்டர்ஸ் மூவரும் ஆராய்ந்தபோது, சார்ட்டர் என்ற பெயரோ அதற்குக் கிடைக்கும் சுதந்திரமோ வேறுபாட்டை விளக்கவில்லை. இந்தக் கற்பிக்கும் முறையைக் கடைப்பிடித்ததா என்பதே பெரிதும் விளக்கியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது துணைப்பாட முறை. மேட்ச் பள்ளி, அப்போதுதான் கல்லூரி முடித்த இளைஞர்களைச் சிறு ஊதியத்தில் ஓராண்டுக்கு அமர்த்தி, ஒவ்வொரு மாணவரோடும் அன்றாடம் உட்கார்ந்து கணக்குச் சொல்லித்தர வைத்தது. அங்கிருந்து வெளியே வந்தவர்கள் அதே முறையைச் சிகாகோவின் சாதாரணப் பொதுப்பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் சீரற்ற தேர்வு முறையில் நடந்த ஆய்வுகளில் கணக்கு மதிப்பெண் கூடியது. சார்ட்டர் பள்ளிகளைச் சோதனைக்கூடமாகப் பயன்படுத்தி, கிடைத்ததைப் பொதுப்பள்ளிகளுக்குக் கொண்டுவருவோம் என்று 1993-இல் சொன்ன வாக்குறுதி நிறைவேறிய அரிய இடங்களுள் இது ஒன்று.

குலுக்கல் ஆய்வுக்கும் எல்லைகள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. கூட்டம் மோதும் பள்ளியில்தான் குலுக்கல் நடக்கும். கூட்டம் மோதாத பள்ளி ஆய்வுக்குள்ளேயே வராது. நல்ல பள்ளிகளை மட்டுமே அளந்துவிட்டோமோ என்ற கேள்வி இதிலிருந்து எழுகிறது. குலுக்கல் நடத்தாத பள்ளிகளின் பயன் குறைவு என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். விண்ணப்பிக்கவே செய்யாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே பயன் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு 2011-இல் நடந்த ஒரு நிகழ்வு ஓரளவு விடை தருகிறது. தெற்கு பாஸ்டனில் நலிந்துபோயிருந்த கேவின் நடுநிலைப் பள்ளியை அப் அகாடமி என்ற பெயரில் சார்ட்டர் வகைப் பள்ளியாக மாற்றினார்கள். ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் விண்ணப்பம் எதுவும் போடாமலேயே புதிய பள்ளியின் மாணவர்களாகத் தொடரலாம் என்ற ஏற்பாடு இருந்தது. சார்ட்டரைத் தேடிப் போகாத அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண்களும் தெளிவாக உயர்ந்தன.

நல்ல பள்ளி ஒன்றைப் பலவாக்கினால் தரம் நீர்த்துப்போகும் என்ற அச்சம் எங்கும் உண்டு. 2010 சட்டத்துக்குப் பின் பாஸ்டனில் நடுநிலைப் பள்ளி நிலையில் சார்ட்டர் இடங்கள் சில ஆண்டுகளில் இரு மடங்காயின. கொஹோட்ஸ், எலிசபெத் செட்ரன், வால்டர்ஸ் ஆகியோர் அந்தப் புதிய கிளைகளின் குலுக்கல்களை ஆராய்ந்தார்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் இளையவர்கள், அனுபவம் குறைந்தவர்கள். ஆயினும் புதிய கிளைகள் தாய்ப்பள்ளிகளுக்கு ஈடாகவே பயன் தந்தன. நடத்திக் காட்டியவர்களுக்கே கூடுதல் இடம் என்ற அந்த நிபந்தனையை நான் புகழ்ந்தது இதனால்தான்.

மாநிலம் தவறே செய்யவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். குளோஸ்டரில் 2009-இல் கடும் எதிர்ப்புக்கிடையே உரிமம் பெற்ற ஒரு கலைப் பள்ளி, அந்த ஒப்புதலில் அரசியல் தலையீடு இருந்தது என்ற சர்ச்சையிலிருந்து மீளவே இல்லை. 2013 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவிலேயே மூடப்பட்டது. பிள்ளைகள் பாதி ஆண்டில் வேறு பள்ளி தேடினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் எம்காஸ் தேர்வில் முறைகேடு நடந்தது தெரியவந்தபின் ஒரு பள்ளி 2010-இல் உரிமத்தை இழந்தது. மூடும் துணிவு ஒழுங்குமுறையின் ஒரு பகுதி என்பதை ஏற்கிறேன். ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர்கள் அந்த ஆண்டில் அங்கே படித்த பிள்ளைகளே.

ஒழுங்கு பற்றிய குற்றச்சாட்டு இன்னும் கனமானது. 2010-களின் தொடக்கத்தில் பாஸ்டனின் சில சார்ட்டர் பள்ளிகளில், ஓராண்டில் ஒருமுறையேனும் பள்ளியைவிட்டு இடைநீக்கம் செய்யப்பட்ட மாணவர்களின் விகிதம், உள்ளூர் நிர்வாகம் நடத்தும் வழக்கமான பொதுப்பள்ளிகளான மாவட்டப் பள்ளிகளைவிடப் பன்மடங்காக இருந்தது. சட்டை வெளியே தொங்கியது, எதிர்த்துப் பேசியது போன்ற சிறு தவறுகளுக்கும் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2014-இல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம் இடைநீக்கத்துக்குக் கட்டுப்பாடு விதித்தபின் எண்ணிக்கை இறங்கியது. பல பள்ளிகள் தாங்களாகவே முறையைத் தளர்த்தின. 2017-இல் மால்டனில் ஒரு சார்ட்டர் பள்ளி, கறுப்பின இரட்டைச் சகோதரிகளின் பின்னல் விதிகளுக்குப் புறம்பானது என்று தண்டித்தபோது, மாநில அட்டர்னி ஜெனரல் மௌரா ஹீலி தலையிட்டு அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தார். மதிப்பெண் உயர்ந்ததைக் காட்டி இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட முடியாது. கண்டிப்பில்லாமலேயே அந்தப் பயனைப் பெறலாமா என்பதைத்தான் தளர்த்தியபின் வந்த ஆண்டுகள் சொல்ல வேண்டும். நீண்ட நேரமும் துணைப்பாடமுமே பயனின் பெரும்பகுதியைத் தருகின்றன என்பது என் ஊகம்.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளையும் ஆங்கிலம் கற்கும் நிலையிலுள்ள பிள்ளைகளையும் தவிர்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் அவர்கள் குறைவாகவே இருந்தார்கள் என்பது உண்மை. 2010 சட்டம், அத்தகைய பிள்ளைகளைச் சேர்க்கவும் தக்கவைக்கவும் திட்டம் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியபின் இடைவெளி குறைந்தது. செட்ரனின் ஆய்வில் ஒரு செய்தி சிந்திக்க வைக்கிறது: குலுக்கலில் வென்ற சிறப்புத் தேவைப் பிள்ளைகள் பலரைச் சார்ட்டர் பள்ளிகள் அந்த வகைப்பாட்டிலிருந்தே எடுத்துவிட்டுப் பொது வகுப்பில் உட்கார வைத்தன, தனி உதவி குறைந்தும் அவர்களின் மதிப்பெண் கூடியது.

இதுவரை சொன்னதெல்லாம் நகரம். புறநகர்களிலும் சிற்றூர்களிலும் உள்ள சார்ட்டர் பள்ளிகளின் கதை வேறு. உங்களுக்குத் தேவையானதும் அதுவே. அவை பெரும்பாலும் கண்டிப்பு முறைப் பள்ளிகள் அல்ல. ஹையானிஸில் ஒரு பள்ளி பன்னாட்டு பாடத்திட்டத்தை எல்லோருக்கும் தருகிறது; டெவன்ஸில் ஒன்று மாணவர்களின் செயல்திட்டங்களையும் தொகுப்பேடுகளையும் கொண்டு மதிப்பிடுகிறது; மார்ல்பரோவில் ஒன்று கணக்கையும் அறிவியலையும் முன்னிறுத்துகிறது; மேற்குப் பகுதியில் ஒன்று நிகழ்த்துகலைகளுக்கானது. அதே குலுக்கல் முறையில் இவற்றையும் அளந்தபோது, எம்காஸ் மதிப்பெண்ணில் பயன் எதுவும் தெரியவில்லை. நடுநிலைப் பள்ளி அளவில் சராசரியாக இழப்பே தெரிந்தது. ஒரே சட்டம், ஒரே உரிமம், ஒரே வாரியம்; ஆனால் பாஸ்டனில் மலையளவு ஏற்றம், ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் சிறு சரிவு. காரணத்தின் ஒரு பகுதி எளிது. புறநகரில் சீட்டில் தோற்ற பிள்ளை போகும் மாவட்டப் பள்ளியே நாட்டின் சிறந்த பள்ளிகளுள் ஒன்று. பாஸ்டனில் தோற்ற பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. எந்தப் பள்ளியையும் அதற்கு மாற்றாகக் கிடைத்திருக்கக்கூடிய பள்ளியோடு வைத்துத்தான் எடைபோட முடியும்.

இந்த இடத்தில் நானும் பல ஆண்டுகள் நின்றுவிட்டிருந்தேன். 2024-இல் கொஹோட்ஸும் அஸ்ட்ரிட் பினேடாவும் வெளியிட்ட ஆய்வு என்னை மறுபடி யோசிக்க வைத்தது. அந்தப் பழைய குலுக்கல்களில் கலந்துகொண்ட பிள்ளைகள் இப்போது கல்லூரி முடிக்கும் வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்களைப் பின்தொடர்ந்தபோது, நகரச் சார்ட்டர் பள்ளிகளில் படித்தவர்கள் கல்லூரியிலும் முன்னேறியிருந்தது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது என்னவென்றால், மதிப்பெண்ணைக் குறைத்த அதே புறநகர்ச் சார்ட்டர் பள்ளிகளில் படித்தவர்களும், குலுக்கலில் தோற்றவர்களைவிடக் கூடுதலாக நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்து பட்டமும் பெற்றிருந்தார்கள். எட்டாம் வகுப்புத் தேர்வில் தெரியாத ஏதோ ஒன்றை, படிப்பின்மீதுள்ள ஈடுபாட்டையோ தன்னம்பிக்கையையோ, அந்தப் பள்ளிகள் கொடுத்திருக்க வேண்டும். மதிப்பெண்ணையே அளவுகோலாக வைத்துப் பேசிய என்னைப் போன்றவர்கள் அடக்கத்தோடு ஏற்க வேண்டிய செய்தி இது.

இப்போது 2016. அந்த ஆண்டு நவம்பர் தேர்தலில் மக்கள் முன் இரண்டாம் கேள்வியாக வைக்கப்பட்ட முன்மொழிவு, வரம்புகளுக்கு அப்பாற்பட்டு ஆண்டுக்கு 12 புதிய சார்ட்டர் பள்ளிகளையோ விரிவாக்கங்களையோ அனுமதிக்கக் கேட்டது. ஆளுநர் சார்லி பேக்கர் தாமே களத்தில் இறங்கி ஆதரித்தார். மாநில ஆசிரியர் சங்கம் எதிர்ப்பை வழிநடத்தியது. இரு பக்கமும் சேர்ந்து 4 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டன. 62 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். 38 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள். பாஸ்டன் நகரமும் வேண்டாம் என்றே வாக்களித்தது.

ஆய்வு முடிவுகள் மக்களுக்கு எட்டாததால் தோற்றது என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பணத்தின் கணக்கே பெரிதாக நின்றது. ஒரு பிள்ளை சார்ட்டர் பள்ளிக்குப் போனால், அவளுக்கான தொகை ஊரின் மாநில உதவியிலிருந்து கழிக்கப்பட்டு அந்தப் பள்ளிக்குப் போகிறது. இருபது வகுப்புகளிலிருந்து இருபது பிள்ளைகள் போனால், ஊருக்கு ஓர் ஆசிரியரைக்கூடக் குறைக்க முடியாது. கட்டடத்தைச் சூடாக்கும் செலவும் பேருந்துச் செலவும் அப்படியே இருக்கும். பாஸ்டனில் சார்ட்டர் மாணவர்களுக்கான பேருந்தையும் நகர நிர்வாகமே விடுகிறது. இந்தச் சுமையைத் தாங்க மாநிலம் முதலாண்டில் முழுத் தொகையையும் அடுத்த ஐந்து ஆண்டுகளில் 25 விழுக்காட்டையும் ஈடாகத் தரும் என்று 2010 சட்டம் சொன்னது. ஆனால் சட்டமன்றம் அதற்கான பணத்தைப் பல ஆண்டுகள் முழுமையாக ஒதுக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவர்கள் மேலும் பன்னிரண்டு பள்ளிகள் கேட்டால் ஊர்கள் எப்படி நம்பும்? இருநூறுக்கும் மேற்பட்ட உள்ளூர்ப் பள்ளிக் குழுக்கள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. இந்த முன்மொழிவு நிறைவேறினால் பாஸ்டன், லாரன்ஸ், ஸ்பிரிங்ஃபீல்டு போன்ற நகரங்களின் கடன் தகுதிக்குப் பாதகம் என்று மூடிஸ் நிறுவனம் தேர்தலுக்குச் சில நாள்களுக்கு முன் எச்சரித்தது. பாஸ்டன் மேயர் மார்ட்டி வால்ஷ் ஒரு காலத்தில் ஒரு சார்ட்டர் பள்ளியின் நிறுவனக் குழுவிலேயே இருந்தவர். அவரும் எதிர்த்தார் என்பது இந்தக் கவலையின் ஆழத்தைக் காட்டும்.

ஆதரவாளர்களின் பிழைகளும் சேர்ந்தன. பிரசாரப் பணத்தில் பெரும்பகுதி மாநிலத்துக்கு வெளியே இருந்த ஓர் அமைப்பின் வழியாக, கொடுத்தவர் பெயர் தெரியாமல் வந்தது. கொடையாளர்களின் பெயரை மறைத்ததற்காக அந்த அமைப்பு 2017-இல் 4 லட்சத்து 26 ஆயிரம் டாலருக்கும் மேல் தண்டம் கட்ட நேர்ந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் காத்திருப்புப் பட்டியலில் உள்ளனர் என்ற எண்ணையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தப் பட்டியல்கள் நம்பத்தக்க முறையில் பேணப்படவில்லை என்று மாநிலத் தணிக்கையாளர் சுசான் பம்ப் 2014-இலேயே சுட்டிக்காட்டியிருந்தார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சார்ட்டர் வளர்ந்ததால் மாவட்டப் பள்ளிகளில் எஞ்சிய பிள்ளைகளின் படிப்பு கெட்டதா என்று மேத்யூ ரிட்லியும் கமீல் டெரியேயும் 2011-க்குப் பிந்தைய தரவுகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். தலைக்குச் செலவு குறையவில்லை, கூடியது. செலவு கற்பித்தல் பக்கம் நகர்ந்தது. எஞ்சிய பிள்ளைகளின் மதிப்பெண்ணும் சிறிதளவு உயரவே செய்தது. ஊர்களின் அச்சம் நேர்மையானது. ஆனால் அஞ்சிய அளவுக்குக் கேடு நேரவில்லை. என் சொந்த முடிவு இது: மாநிலம் முழுவதற்கும் ஆண்டுக்கு 12 என்று கேட்டது தவறான கோரிக்கை. பாஸ்டன், லாரன்ஸ் போன்ற இடங்களுக்கு மட்டும், ஈட்டுத்தொகையை முதலில் உறுதி செய்துவிட்டுக் கேட்டிருந்தால் அது நியாயமான கோரிக்கையாக இருந்திருக்கும். அது நடக்காததால் இழந்தவர்கள் பாஸ்டனின் ஏழைப் பிள்ளைகள்.

சீட்டுக் கிடைக்காத ஐந்து மாணவர்களின் சார்பில் வரம்பை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கை, சார்ட்டர் பள்ளியில் படிக்க அரசமைப்பு உரிமை இல்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் 2018-இல் தள்ளுபடி செய்தது. 2019-இல் வந்த புதிய நிதிச் சட்டம் ஏழை ஊர்களுக்கான நிதியைப் பெருமளவில் உயர்த்தியது. சார்ட்டர் ஈட்டுத்தொகையை முதலாண்டு 100, அடுத்து 60, பிறகு 40 விழுக்காடு என்று மாற்றி, அதை முழுமையாக வழங்கவும் வழி செய்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் வாக்கெடுப்பின் போக்கே வேறாக இருந்திருக்கலாம். அதன்பின் சார்ட்டர்களின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிட்டது. மாநில மாணவர்களுள் அவற்றின் பங்கு 5 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது.

வரம்பை மட்டும் குறை சொல்வதும் போதாது. வால்டர்ஸின் ஓர் ஆய்வு எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது. பாஸ்டனில் சார்ட்டர் பள்ளியால் மிகக் கூடுதலாகப் பயன்பெறக்கூடியவர்கள், அதாவது மிக ஏழைகளும் மதிப்பெண் குறைந்தவர்களும், அவற்றுக்கு விண்ணப்பிப்பதே குறைவு. தூரம் ஒரு காரணம். படிவம், கெடு தேதி, இப்படி ஒரு பள்ளி இருப்பதே தெரியாமை ஆகியவையும் இருக்கலாம். இடங்களைக் கூட்டினாலும், அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி அழைக்காவிட்டால் பயன் போகவேண்டிய இடத்துக்குப் போகாது.

உங்கள் மகளுக்கு வருகிறேன். மேலே புகழ்ந்த பாஸ்டன் பள்ளிகளில் உங்களுக்கு இடம் கிடைப்பது அரிது; அங்கே பாஸ்டன்வாசிகளுக்கே முன்னுரிமை. உங்கள் பகுதியை உள்ளடக்கிய வட்டாரச் சார்ட்டர் பள்ளி இருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை, தேர்வும் இல்லை, சீட்டு விழாவிட்டால் இழப்பும் இல்லை. பாஸ்டன் ஆய்வுகளைப் படித்துவிட்டு அந்தப் பயன் இங்கேயும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் ஊர் மாவட்டப் பள்ளி நன்றாக இருந்தால், எம்காஸ் மதிப்பெண்ணுக்காக அதைவிட்டு வர வேண்டியதில்லை. அந்தப் பள்ளி கற்பிக்கும் முறை உங்கள் மகளின் இயல்புக்குப் பொருந்துமா என்பதே உங்கள் கேள்வியாக இருக்கட்டும். மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளியைப் பற்றியும் ஆண்டுதோறும் தரவு வெளியிடுகிறது. அதில் மதிப்பெண் பக்கத்தை மட்டும் பார்க்காமல், எத்தனை பிள்ளைகள் நடுவில் விலகுகிறார்கள், எத்தனை ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள், எத்தனை பேர் இடைநீக்கம் செய்யப்படுகிறார்கள் என்ற மூன்று எண்களைப் பாருங்கள். உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ஆய்வாளர்கள் நேரில் வந்து எழுதிய அறிக்கையும் பொதுமக்கள் பார்வைக்கு உண்டு. அதையும் ஒருமுறை வாசியுங்கள். பிறகு ஒரு வேலை நாளில் அனுமதி பெற்று மகளோடு போய் இரண்டு வகுப்புகளில் உட்கார்ந்து பாருங்கள். குலுக்கல்கள் பெரும்பாலும் குளிர்காலத்தின் கடைசியில் நடக்கும். ஆகவே இலையுதிர் காலத்திலேயே இந்தத் தேடலைத் தொடங்கிவிடுங்கள்.